பதினொரு மீற்றர்

நியூமார்க்கெட் இளையோர் நீதிமன்றம், பெப்ரவரி.
எல்லாருடைய சப்பாத்திலும் வீதி உப்பு
வெள்ளையாய்க் காய்ந்திருக்கிறது.
நீதிபதியின் சப்பாத்து மட்டும் தெரியவில்லை.

பையனின் பெயரை எழுதக்கூடாது, சட்டம்.
பதினாறு வயது. புதுக் கோட்டு,
கைப்பக்கம் விலைச்சீட்டு தொங்கிய நூல்.
வளர்ந்தவனாக எண்ணித் தண்டிப்பதா
என்பதுதான் இன்றைய கேள்வி.
நான் தாயின் காதருகில் இருக்கிறேன்,
கூட்டாமல் குறைக்காமல் சொல்வதாகச் சத்தியம் செய்துகொண்டு.

டொக்டர் லெவெக் மூளையின் படத்தைத் திரையில் போடுகிறார்.
அகராதியில் அந்த இடத்துக்குப் பெயர் முன்மூளைப் புறணி.
புறணி என்றால் இந்தத் தாய்க்கு வேறு.
நான்கு மாதமாய் அவள் கோயிலுக்கும் போகவில்லை.
"நெற்றிக்குப் பின்னால் இருக்கிற பகுதி" என்கிறேன்.

"ஆசை முதலில் வளர்கிறது, அடக்கம் பிறகு.
இருபத்தைந்து வயதுமட்டும் வேலை நடக்கிறது.
தனியே என்றால் சிவப்பு விளக்கில் நிற்கிற பிள்ளை
சிநேகிதர் பார்த்தால் நிற்காமல் விடலாம்."
பின் சீட்டில் மூன்று பேர் இருந்தார்கள்.

பிறகு சொன்னார்:
"எஞ்சின் தயார். பெற்றோலும் நிறைய.
பிரேக்தான் கடைசியாகப் பூட்டப்படுகிறது."

சொன்ன கையோடு அவருக்கே விளங்கிவிட்டது.
மூன்றாம் வரிசையில் அன்செல்மோ நிமிர்ந்தார்.
ரொட்டித் தொழிற்சாலை, இரவு வேலை,
ஏழாம் நெடுஞ்சாலை பஸ் தரிப்பு,
அதிகாலை மூன்று நாற்பது.
வலது முழங்காலுக்குக் கீழே இப்போது கார்பன் இழை.
அவருடைய மூளைக்கு நாற்பத்தொன்பது வயது.
அதை ஒருவரும் படம் எடுக்கவில்லை.

தாய் என் மணிக்கட்டைப் பிடித்தாள்.
"அப்ப இவன் பிரேக் அடிச்சவனோ?"

அவள் கேட்டதைச் சபைக்குச் சொல்வது என் கடமை.
எழுந்து ஆங்கிலத்தில் சொன்னேன்,
அந்தக் கடைசி ஓகாரத்துக்கு அங்கே இடமில்லை.
அரசுதரப்புச் சட்டத்தரணி ஆட்சேபித்தார்.
நீதிபதி ஏதும் சொல்லாமல்
கோப்பில் பக்கம் தேடினார்.
பதினொரு மீற்றர், ரயர் தேய்ந்த தடம்.

அடித்திருக்கிறான்.
பிந்தி அடித்திருக்கிறான்.

பதினாறு வயதில், ஒரு சோடாவுக்குப் பந்தயம்,
காவலரணைத் தாண்டிச் சைக்கிளை நிறுத்தாமல் மிதித்தேன்.
பின்னால் மூன்று பேர் பார்த்துக்கொண்டு நின்றார்கள்,
எனக்கும் மூன்று பேர்தான்.
துவக்கைத் தூக்கியவனுக்குப் பத்தொன்பது இருக்கும்.
அவன் சுடவில்லை.
அந்த வயதில் இன்னும் பூட்டி முடியாத எது
அவன் விரலைப் பிடித்துக்கொண்டது?
டொக்டரிடம் கேட்கலாம்.
கூட்டக்கூடாது.

பையன் எழுந்தான்.
அவனுக்கு ஆங்கிலம்தான் வரும்.
பெற்றவளுக்கு மகனை நான் சொல்லவேண்டியிருந்தது,
விதிப்படி அவன் குரலில், தன்மையில்:
"நான்தான் ஓட்டினேன்.
அவர் நிற்கிறதை நான் கண்டேன்.
கால் கொஞ்ச நேரம் என் கால் மாதிரி இல்லை.
பிறகுதான் அசைந்தது."
தாய் அவனைப் பார்க்கவில்லை,
என்னைப் பார்த்தாள்.

மார்ச் பத்தொன்பதுக்கு ஒத்திவைப்பு.
அன்செல்மோ எல்லாரும் போகும்வரை காத்திருந்தார்.
அவசரப்பட்டால் பொருத்திய கால் கழலுமாம்,
வாசல் காவலரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

லிஃப்டுக்குள் தாய் கேட்டாள்:
"இருபத்தஞ்சில முடியும் எண்டினம்.
அதுமட்டும் அவனை ஆர் வைச்சிருப்பினம்?
வீடோ, அவையோ?"
சத்தியம் சபைக்குள் மட்டும்தான்,
வெளியே எதையும் சொல்லலாம்.
ஒன்றும் வரவில்லை.

ஈகிள் வீதிச் சந்தியில் உறைபனி.
சிவப்பைக் கண்டு மிதித்தேன்.
கோட்டைத் தாண்டி அரை மீற்றர் வழுக்கித்தான்
கார் நின்றது.
எனக்கு ஐம்பத்திரண்டு வயது.